இன்டர்நெட் கால் வந்து போன் கம்பெனிகளை முழுங்கிடுச்சா? எல்லாரும் கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

நான் டெலிகாம் லைன்ல வேலை பாக்குறேன்னு தெரிஞ்சதுல இருந்து சொந்தக்காரங்க, அபார்ட்மெண்ட் குரூப், கல்யாண வீட்டுப் பந்தின்னு எங்க உக்காந்தாலும் இதே கேள்விங்கதான் வருது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு தொண்டை வத்திப்போச்சு, அதான் கேட்டவங்க கேட்ட மாதிரியே போட்டு பதிலையும் இங்க எழுதி வச்சிட்டேன். மேல இருந்து வரிசையா படிங்க, ஏன்னா கீழ போகப்போக "3ல சொன்னேனே"ன்னு முடிச்சிருப்பேன்.

1. வாட்ஸ்ஆப் கால் ஃப்ரீன்னு சொல்றாங்க, அப்புறம் ஏன் டேட்டா கரையுது?

ஃப்ரீ இல்லங்க, காசை வேற இடத்துல வாங்கிட்டாங்க. நீங்க ரீசார்ஜ் பண்றப்போ டேட்டாவுக்குக் குடுத்த காசுலதான் அந்தக் கால் போகுது. ஒரு நிமிஷம் பேசினா சுமாரா அரை எம்பி ஆகும், வீடியோ போட்டா அதுக்குப் பல மடங்கு. ஒரு மணி நேரம் வாய்ஸ்ல அரட்டை அடிச்சாலும் 30 எம்பி கிட்டத்தான் வரும், ரீல்ஸ் பத்து நிமிஷம் தள்ளினா அதைவிட ஜாஸ்தி போயிடும். இந்த 30 எம்பி கணக்கை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி 10வது கேள்வில வேலைக்கு ஆகும்.

2. சாதாரண கால்லயும் குரல்தான் போகுது, வாட்ஸ்ஆப்லயும் குரல்தான் போகுது. உள்ள என்ன பெரிய வித்தியாசம்?

பழைய சிஸ்டத்துல நீங்க நம்பர் சுத்தின உடனே எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்ச் உங்களுக்குன்னு ஒரு வழியைப் பிடிச்சு ஒதுக்கி வச்சிடும், போனை வைக்கிற வரைக்கும் அது உங்களுக்கு மட்டும்தான். நொடிக்கு 64 கிலோபிட், போறதுக்கு ஒண்ணு வர்றதுக்கு ஒண்ணு. நீங்க பேசினாலும் சரி, கோச்சுக்கிட்டு ரெண்டு பேரும் பேசாம இருந்தாலும் சரி, வழி புடிச்சது புடிச்சதுதான். அதனாலதான் நிமிஷத்துக்கு இவ்ளோ, தூரத்துக்கு இவ்ளோன்னு சார்ஜ் பண்ண முடிஞ்சுது, லோக்கல், வெளியூருக்கு எஸ்டிடி, வெளிநாட்டுக்கு ஐஎஸ்டின்னு பிரிச்சாங்க, ராத்திரி ரேட்டு கம்மின்னு பூத்து வாசல்ல ஜனம் க்யூ நின்னுச்சு.

நெட் கால்ல அந்த மாதிரி ஒதுக்குறதே கிடையாது. உங்க குரலை போன் பொதுவா 20 மில்லிசெகண்ட் துண்டு துண்டா வெட்டும், நொடிக்கு 50 துண்டு, ஒவ்வொண்ணுலயும் போகவேண்டிய அட்ரஸை ஒட்டி அனுப்பிடும், அது ஜிபே மெசேஜ், யூடியூப், ஆபீஸ் மெயில் எல்லாம் போற அதே ரோட்டுலதான் போகும். நடுவுல இருக்குற ரூட்டருக்கு இது குரலா போட்டோவான்னு கவலையே இல்ல, பக்கத்துத் தெருவுக்கா கனடாவுக்கான்னும் கவலை இல்ல. அப்போ நிமிஷக் கணக்கையும் தூரக் கணக்கையும் எங்க போய் மாட்டுறது? போன் கம்பெனிக்கு ஆப்பு இங்கதான். கீழ வர்ற மத்ததெல்லாம் இதோட கிளைக்கதைதான்.

3. அப்போ நான் ஜியோ சிம்ல நம்பர் டயல் பண்ணி பேசுறது நெட் கால் கிடையாதுல்ல?

அதுவும் நெட் கால்தான்! இதைச் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. ஜியோகிட்ட 2ஜி, 3ஜி ரெண்டுமே கிடையாது, 2016 செப்டம்பர் 5 ஆரம்பிச்சப்பவே முழுசா 4ஜி. 4ஜில பழைய மாதிரி வழி ஒதுக்குற வேலையே இல்ல, குரலும் துண்டு துண்டாத்தான் போகணும், அதுக்குத்தான் வோல்டின்னு பேரு. ஏர்டெல், விஐ 4ஜி போன்லயும் இப்போ அப்படித்தான். வீட்டு வைஃபைல இருந்தே சாதாரண நம்பருக்குப் பேசுற வைஃபை காலிங்கும் அதே கதை, ஏர்டெல் 2019 டிசம்பர்லயும் ஜியோ 2020 ஜனவரிலயும் விட்டாங்க.

அதனால "இன்டர்நெட் கால் போன் கம்பெனியை அழிக்குது"ங்கிறதே பாதி தப்பான பேச்சு. கம்பெனிங்களே உள்ளுக்குள்ள நெட் காலுக்கு மாறியாச்சு. சண்டை டெக்னாலஜி பத்தி இல்ல, அந்தக் காலை யார் பேருல விக்கிறது, யாருக்கு லைசன்ஸ், யார் ரூல்ஸுக்குக் கட்டுப்படணும், அதான் சண்டை.

4. ரெண்டும் நெட்டுதான்னா வாட்ஸ்ஆப்ல மட்டும் ஏன் "ஹலோ… ஹலோ… கேக்குதா"ன்னு கத்த வேண்டியிருக்கு?

முன்னுரிமை. ஆம்புலன்ஸுக்கு எல்லாரும் ஒதுங்கி வழி விடுற மாதிரி வோல்டி கால் துண்டுங்களுக்கு டவரே வழி விடும், இவ்ளோ ஸ்பீடு கண்டிப்பா உண்டுன்னு தனியா எடுத்து வச்சிருப்பாங்க. வாட்ஸ்ஆப் காலுக்கு அந்த சலுகை கிடையாது, அது கூட்டத்தோட கூட்டமா நிக்கணும். பஸ் ஸ்டாண்ட்ல ஆயிரம் பேரு ஐபிஎல் பாத்துட்டு இருக்கும்போது உங்க துண்டுங்க லேட்டா வரும், லேட்டா வந்த துண்டை போன் தூக்கிப் போட்டுடும், ஏன்னா போன செகண்ட் வார்த்தையை இப்போ சத்தமா விட்டா பேச்சே குழம்பிடும். ஒண்ணு ரெண்டு காணாம போனா முன்னாடி பின்னாடி சத்தத்தை வச்சு ஒப்பேத்திடும், வரிசையா அஞ்சாறு போனாத்தான் அந்த ரோபோ குரல் வரும்.

இன்னொண்ணு தாமதம். ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் போய்ச் சேர 150 மில்லிசெகண்டுக்குள்ள இருந்தா நமக்குத் தெரியாது. அதுக்கு மேல போகப்போகத்தான் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சு, ஒரே நேரத்துல நிறுத்தி, "நீ சொல்லு", "இல்ல நீ சொல்லு"ன்னு ஆகுறது. நல்ல ஃபைபர் வைஃபைல ரெண்டு பேரும் இருந்தா வாட்ஸ்ஆப் காலே சாதாரண காலை விட தெளிவா இருக்கும், அதையும் சொல்லிடணும்.

5. வாட்ஸ்ஆப் வந்ததாலதான் ஏர்செல் மூடிட்டாங்கன்னு மாமா அடிச்சு சொல்றாரு. உண்மையா?

மாமாகிட்ட சொல்லுங்க, ஆளை மாத்திப் புடிக்கிறார்னு. வாட்ஸ்ஆப் கொன்னது எஸ்எம்எஸ்ஸை. ஞாபகம் இருக்கா, தீபாவளி, நியூ இயர் அன்னைக்கு மட்டும் எஸ்எம்எஸ் பேக் செல்லாதுன்னு வாழ்த்துக்கு ஒவ்வொண்ணுக்கும் தனியா காசு பிடிப்பாங்க, அந்த அநியாயத்துக்கு முடிவு கட்டுனது வாட்ஸ்ஆப்தான், அதுல எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. கால் வசதியே வாட்ஸ்ஆப்ல 2015லதான் வந்துச்சு, வீடியோ கால் 2016 நவம்பர்ல.

உள்ளூர் காலுக்குக் காசுங்கிறதை ஒழிச்சது இன்னொரு போன் கம்பெனி. ஜியோ வந்தப்போ வாய்ஸ் எப்பவுமே ஃப்ரீன்னு அறிவிச்சாங்க, மத்தவங்களும் வேற வழியில்லாம அன்லிமிடெட் பேக்குக்கு வந்தாங்க. ஒரு நெட்வொர்க்ல இருந்து இன்னொண்ணுக்கு கால் போனா குடுக்கவேண்டிய ஐயூசி காசு 14 பைசாவா இருந்ததை 2017 அக்டோபர்ல டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 6 பைசா ஆக்குச்சு, 2021 ஜனவரி 1ல இருந்து பூஜ்ஜியம். நடுவுல 2019ல ஜியோவே மத்த நெட்வொர்க்குக்குப் பேசினா நிமிஷத்துக்கு 6 பைசான்னு வசூல் பண்ணி திட்டு வாங்குனது தனிக்கதை.

ஏர்செல் 1999ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச கம்பெனி, நம்மாளுங்க பாதிப் பேரோட முதல் நம்பரே அதுதான். 2010 ஏலத்துல 3ஜி அலைக்கற்றைக்குக் கடன் வாங்கிப் போட்டது, ஜியோ வந்தப்புறம் விழுந்த வருமானம், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோட சேர்றதா இருந்தது 2017 அக்டோபர்ல புட்டுக்கிட்டது, எல்லாம் சேர்ந்து 2018 பிப்ரவரில திவால் மனு போட்டாங்க. டவர் திடீர்னு செத்துப்போய், நம்பரை போர்ட் பண்ணக் கோடு வாங்குறதுக்கு சிக்னல் தேடி மொட்டை மாடி ஏறுனதை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. இதுல வாட்ஸ்ஆப் காலோட பங்கு ரொம்பக் கம்மி.

6. சரி, அப்போ நெட் காலால நிஜமாவே அடி வாங்குனது எது?

ஐஎஸ்டி. சந்தேகமே வேண்டாம். வெளிநாட்டுக் கால் ஒண்ணு போனா அங்க கூப்பிடுறவரோட கம்பெனி அவர்கிட்ட காசு வாங்கும், நடுவுல கடல் தாண்டிக் கொண்டு வர்ற கம்பெனிக்கு ஒரு பங்கு, கடைசியா இங்க உங்க போனை அடிக்கவைக்கிற கம்பெனிக்கு ஒரு பங்கு. ஒரு காலத்துல உலகம் பூரா அரசாங்க டெலிபோன் டிபார்ட்மெண்ட்டுங்க இந்தப் பங்கை கண்டபடி ஏத்தி வச்சிருந்தாங்க. நம்ம நாட்டுல 2002 மார்ச் கடைசி வரைக்கும் ஐஎஸ்டி முழுக்க அரசாங்கம் ஆரம்பிச்ச விஎஸ்என்எல்ங்கிற ஒரே கம்பெனி கையிலதான். எஸ்டிடி, ஐஎஸ்டில அடிச்ச லாபத்துலதான் லேண்ட்லைன் வாடகையையும் லோக்கல் காலையும் சீப்பா வச்சிருந்தாங்க, அதையும் மறைக்கக்கூடாது.

வளைகுடால இருந்தவங்க, டொரண்டோ ஸ்கார்பரோ, பாரிஸ் லா ஷப்பேல் பக்கம் இருந்த ஈழத்து சனங்க எல்லாம் மளிகைக்கடைல காலிங் கார்டு வாங்கி, பின்னாடி வெள்ளிப் பூச்சை சுரண்டி, இத்தனை இலக்க நம்பரைத் தட்டி, "உங்களுக்கு இன்னும் இத்தனை நிமிடங்கள்"னு ஒரு குரல் சொன்னப்புறம் வேக வேகமா பேசுனாங்க. அந்த கார்டு வியாபாரத்துக்குள்ளயே நெட் கால் ஒளிஞ்சிருந்துச்சு, வாங்குனவங்களுக்குத் தெரியாது. இப்போ அதே ஆளு போனை சோத்துக்குப் பக்கத்துல சாய்ச்சு வச்சுட்டு வீட்டுல சமைக்கிறதை வீடியோல பாத்துக்கிட்டே சாப்பிடுறார், பேசணும்னு கூட இல்ல. இந்த மாதிரி ஒரு பயன்பாடே நிமிஷ மீட்டர் இருந்த காலத்துல இருக்க முடியாது.

7. மச்சான் துபாய்ல இருந்துதான் கூப்பிடுறான், ஆனா என் போன்ல ஏதோ சென்னை நம்பர் மாதிரி 10 இலக்கம் காட்டுது. திருட்டா?

உங்க மச்சான் திருடல, அவர் வாங்குன சீப் காலிங் ஆப்போ கார்டோதான் தில்லுமுல்லு. 6ல சொன்ன கடைசிப் பங்கு இருக்குல்ல, வெளிநாட்டுல இருந்து வந்து இந்தியால இறங்குற காலுக்கு அது 2018ல நிமிஷத்துக்கு 30 பைசா ஆச்சு, முன்னாடி 53 பைசா. 2020 மே மாசத்துல இருந்து 35லயிருந்து 65 பைசாக்குள்ள கம்பெனிங்க பேசி வச்சுக்கலாம்னு விட்டாங்க. ஆனா நாட்டுக்குள்ள போற காலுக்கு 5ல பாத்த மாதிரி பூஜ்ஜியம். இந்த வித்தியாசத்தைத்தான் சாப்பிடுறாங்க.

எப்படின்னா, ஊருக்கு வெளிய ஒரு ரூமை வாடகைக்கு எடுத்து சிம் பாக்ஸ்னு ஒரு பொட்டியை வைப்பாங்க, பாக்க வைஃபை ரூட்டர் மாதிரி, நெறைய ஆண்டெனா நீட்டிக்கிட்டு, உள்ள வரிசையா சிம் சொருகியிருக்கும். துபாய்ல இருந்து கால் நெட்டு வழியா அந்த பொட்டிக்கு வரும், பொட்டி அதுல ஒரு சிம்ல இருந்து உங்களுக்கு லோக்கல் கால் போடும். அன்லிமிடெட் பேக் போட்ட சிம், எவ்ளோ பேசினாலும் ஒரே காசு. யோசிச்சுப் பாருங்க, லோக்கல் காலை கம்பெனிங்க ஃப்ரீயா ஆக்குனதுதான் இந்தத் திருட்டை இவ்ளோ லாபமா ஆக்குச்சு.

இது சட்டவிரோதம், சென்னை உட்பட பல ஊர்ல போலீஸ் இந்த மாதிரி எக்ஸ்சேஞ்சுங்களைப் பிடிச்சிருக்காங்க. கம்பெனிக்கு நஷ்டம்ங்கிறதை விட, மிரட்டல் கால் வந்தா யாரு எங்கிருந்து பண்ணாங்கன்னே கண்டுபிடிக்க முடியாதுங்கிறதுதான் பெரிய தலைவலி. அப்படி நம்பர் வந்தா தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல புகார் பண்ணலாம்.

8. துபாய்ல வாட்ஸ்ஆப் மெசேஜ் போகுது, கால் மட்டும் போக மாட்டேங்குது. ஏன் இந்த ஓரவஞ்சனை?

அங்க ரெண்டே போன் கம்பெனி, எடிசலாட், டு. ரெண்டுலயும் அரசாங்கத்துக்குப் பங்கு உண்டு. ஜனத்தொகைல பெரும்பாலானவங்க வெளிநாட்டுக்காரங்க, எல்லாரும் ஊருக்குப் பேசியே ஆகணும். லைசன்ஸ் இல்லாத ஆப்ல வாய்ஸ் காலுக்கு அனுமதி இல்லன்னு ரெகுலேட்டர் சொல்லிடுச்சு. 2018 ஆரம்பத்துல போடிம் மாதிரி ஆப்புங்களுக்கு இன்டர்நெட் காலிங் பேக்னு மாசம் 50 திர்ஹாமுக்கு விட்டாங்க. கொரோனா சமயத்துல ஜூம், டீம்ஸ்க்கு வழி விட்டாங்க. சவூதி 2017 செப்டம்பர்லயே நெட் கால் தடையைப் பொதுவாத் தளர்த்திடுச்சு. என் கருத்துல, நெட் காலைப் பாத்து ஒரு போன் கம்பெனி எவ்ளோ பயப்படும்னு தெரிஞ்சுக்கணும்னா துபாய் இருக்குற எமிரேட்ஸ் நாட்டைப் பாத்தா போதும்.

எங்கிருந்து நெட்டுக்குள்ள வர்றோம்னு மறைக்கிற விபிஎன் போட்டுப் பேசலாமான்னு அடுத்த கேள்வி வரும், தெரியும். அங்க சட்டப்படி விபிஎன்னை வச்சு ஐபி அட்ரஸை மறைச்சுத் தப்புக் காரியம் பண்ணா 5 லட்சம் திர்ஹாம்ல இருந்து 20 லட்சம் வரைக்கும் அபராதம். மச்சானை மாட்டி விடாதீங்க.

9. நம்ம ஊர்ல இந்த மாதிரி தடை பண்ணப் பாக்கலையா?

பாக்காம இருப்பாங்களா. 90கள் கடைசில விஎஸ்என்எல் நெட் போன் சைட்டுங்களை பிளாக் பண்ணி வச்சிருந்துச்சு. 2002 ஏப்ரல் 1லதான் நெட் டெலிபோனிக்கு அனுமதி, அதுவும் கம்ப்யூட்டர்ல இருந்து வெளிநாட்டு போனுக்குப் பேசலாம், உள்நாட்டு போனுக்குப் பேசக்கூடாதுன்னு விசித்திரமா ஒரு ரூல்.

பெரிய சண்டை 2014 டிசம்பர்ல. நெட் காலுக்கு ஆகுற டேட்டாவுக்குத் தனி சார்ஜ்னு ஏர்டெல் அறிவிச்சாங்க, ஜனம் கிழிச்சு எடுத்துடுச்சு, அந்த மாசமே வாபஸ். அடுத்து 2015 மார்ச்ல டிராய் கருத்து கேட்டப்போ பத்து லட்சத்துக்கு மேல ஈமெயில் போய் விழுந்துச்சு. 2016 பிப்ரவரி 8ல எந்த சைட்டுக்கு, எந்த ஆப்புக்குங்கிறதை வச்சு டேட்டாவுக்கு வேற வேற ரேட்டு போடக்கூடாதுன்னு டிராய் உத்தரவே போட்டுடுச்சு. நெதர்லாந்துலயும் இதே படம்தான் ஓடுச்சு, 2011ல கேபிஎன்ங்கிற கம்பெனி வாட்ஸ்ஆப், ஸ்கைப்புக்குத் தனிக்காசுன்னு கிளம்ப, எல்லா ஆப்பையும் சைட்டையும் ஒரே மாதிரி நடத்தணும்ங்கிற நெட் நியூட்ராலிட்டியை அந்த நாடு சட்டமாவே கொண்டு வந்துடுச்சு. ரெண்டு இடத்துலயும் கம்பெனிங்க தானே வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டாங்க.

10. ஆனா கம்பெனிக்காரன் பக்கமும் நியாயம் இருக்குல்ல சார்? அவன் கோடி கோடியா கொட்டி டவர் போடுறான், வாட்ஸ்ஆப்காரன் ஓசில ஓட்டுறான்

பாதி நியாயம் இருக்கு, பிரிச்சுப் பாக்கணும். 2022 5ஜி ஏலத்துல மட்டும் ஒன்றரை லட்சம் கோடிக்கு அலைக்கற்றை எடுத்தாங்க. அதுபோக வருமானத்துல 8 சதவீதம் லைசன்ஸ் கட்டணம், கேஒய்சி, ஒட்டுக்கேட்க வசதி, கால் தரத்துக்கு விதிமுறைன்னு ஏகப்பட்டது. வாட்ஸ்ஆப்புக்கு இதுல எதுவும் கிடையாது. ஒரே சேவை, அப்போ ரூல் மட்டும் ஏன் ரெண்டுன்னு அவங்க சங்கம் சிஓஏஐ கேக்குறதுல அந்த அளவுக்கு நியாயம் உண்டு. டிராய் 2020 செப்டம்பர்ல இப்போதைக்கு இந்த ஆப்புங்களுக்குத் தனி ரூல் வேண்டாம்னு சொல்லிச்சு, 2023ல மறுபடி கருத்து கேட்டுச்சு.

ஆனா "எங்க நெட்வொர்க்குக்கு பாரம்"ங்கிறது எடுபடாது. 1ல சொன்ன 30 எம்பியை எடுங்க. ஒரு மணி நேர கால் ஒரு பாரமா? பாரம் வீடியோவாலதான். அந்த வீடியோவுக்காகத்தான் ஜனம் தினம் ஒன்றரை ஜிபி, ரெண்டு ஜிபி பேக்கே போடுது. வாட்ஸ்ஆப்பும் யூடியூப்பும் இல்லன்னா டேட்டாவை யாரு வாங்குவா? 2024 ஜூலைல மூணு கம்பெனியும் ரேட்டை ஏத்துனாங்க, ஏர்டெல்லுக்கு அந்த வருஷம் கடைசி மூணு மாசத்துல ஆள் ஒண்ணுக்கு மாச வருமானம் 245 ரூபா. ஏற்கனவே என்கிட்ட வித்த டேட்டாவுக்கு வாட்ஸ்ஆப் ஓனர் மெட்டாகிட்டயும் இன்னொரு தடவை காசு கேக்குறது எனக்கு சரியாப் படல.

11. ஸ்கைப்புதானே முதல்ல போன் கம்பெனிக்கு எமன்னு சொன்னாங்க, அதுவே ஏன் செத்துப்போச்சு?

2003ல வந்துச்சு, ஸ்வீடன்காரர் நிக்லஸ் சென்ஸ்ட்ராம், டென்மார்க்காரர் யானுஸ் ஃப்ரீஸ் ரெண்டு பேரும் ஆரம்பிச்சது, கோடு எழுதுனது எஸ்டோனியா பசங்க. ஈபே 2005ல 260 கோடி டாலருக்கு வாங்குச்சு, மைக்ரோசாஃப்ட் 2011ல 850 கோடிக்கு வாங்குச்சு, 2025 மே 5ல மூடிட்டாங்க. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து, ஹெட்போன் மாட்டி, ஐடி தேடி ஆட் பண்ணணும்ங்கிற காலத்துக்குப் பொறந்தது அது. வாட்ஸ்ஆப் உங்க போன் நம்பரையே ஐடி ஆக்கிடுச்சு, கான்டாக்ட் லிஸ்ட்ல அத்தை இருந்தா அத்தை ரெடி. இதுல வேடிக்கை என்னன்னா, ஜெயிச்ச ஆப்பு நிக்கிறதே போன் கம்பெனி குடுத்த நம்பர் மேலதான்.

12. அப்போ ஒரு நாள் சிம்மே தேவைப்படாதா?

இன்னைக்குத் தேதிக்கு அந்த நம்பர்தான் உங்க அடையாள அட்டை. பேங்க் ஓடிபி, ஆதார், யூபிஐ, வாட்ஸ்ஆப்பே கூட. அப்புறம் 112. நடு ரோட்டுல ஆக்ஸிடெண்ட்னா வாட்ஸ்ஆப்ல இருந்து 112க்கு அடிக்க முடியாது, சாதாரண கால்தான், உங்க நெட்வொர்க் இல்லன்னாலும் பக்கத்து நெட்வொர்க் டவர்ல ஏறிப் போகும்.

லேண்ட்லைன் செப்புக் கம்பிதான் நிஜமா போகப்போகுது. பிரிட்டன்ல 2025 கடைசில பழைய லைனை மொத்தமா அணைக்கிறதா இருந்து, வயசானவங்க அலாரம் பட்டன் எல்லாம் அதுல இருக்குன்னு 2027 ஜனவரிக்குத் தள்ளினாங்க. நம்ம பிஎஸ்என்எல் ஃபைபரோட குடுக்குற "லேண்ட்லைன்" போனும் நெட் கால்தான், கரண்ட் போய் மோடம் அணைஞ்சா போனும் அணைஞ்சிடும், பழைய கம்பி லைன் மாதிரி எக்ஸ்சேஞ்ச் கரண்ட்ல ஓடாது. வீட்டுல வயசானவங்க இருந்தா மோடமுக்கு ஒரு சின்ன யூபிஎஸ் போட்டுடுங்க.

13. வாட்ஸ்ஆப் காலை போலீஸ் கேக்க முடியாதாமே, அதனாலதான் கவர்ன்மென்ட்டுக்கு எரிச்சலா?

எரிச்சல்ல அதுவும் ஒரு காரணம். முறையான உத்தரவு இருந்தா சாதாரண காலை போலீஸைக் கேக்க விட்டே ஆகணும், அந்த வசதியை வச்சிருக்கணும்ங்கிறது கம்பெனியோட லைசன்ஸ்லயே இருக்கு. வாட்ஸ்ஆப்ல 2016 ஏப்ரல்ல இருந்து பேசுற ரெண்டு போனைத் தவிர நடுவுல யாராலயும், வாட்ஸ்ஆப் கம்பெனியாலயும் கேக்க முடியாது. ஆனா யாரு யாரைக் கூப்பிட்டா, எப்போங்கிற மாதிரி தகவல் வேற விஷயம், அது மறைஞ்சிடும்னு நம்பி யாரும் வீரம் காட்ட வேண்டாம். 2023 டெலிகாம் சட்டம் வந்தப்போ அதுல வார்த்தை ரொம்ப அகலமா இருக்கு, இந்த ஆப்புங்களும் உள்ள வந்துடும்னு வக்கீலுங்க பயந்தாங்க, வராதுன்னு அப்போ அமைச்சரா இருந்த அஸ்வினி வைஷ்ணவ் சொன்னார். அமைச்சர் சொன்னது வேற, சட்டத்துல எழுதியிருக்குறது வேற, அந்தக் கதவு இன்னும் முழுசா சாத்தல.

14. எங்கம்மா பட்டன் போன் வச்சிருக்காங்க, நெட்டே வேண்டாம். அவங்க எதுக்கு டேட்டாவுக்கும் சேர்த்து அழணும்?

நான் பாத்ததுலயே ரொம்ப நியாயமான கேள்வி இதுதான். வாய்ஸ் ஃப்ரீ ஆனதும் விக்கிற சரக்கு டேட்டா மட்டும்னு ஆயிடுச்சு, அதனால பேச மட்டும் வேணும்ங்கிறவங்களும் டேட்டா பேக்கையே வாங்கித் தொலைச்சாங்க, ரேட்டு ஏறுனப்போ அவங்களுக்கும் சேர்ந்து ஏறுச்சு. 2024 டிசம்பர்ல டிராய் தலையிட்டு, டேட்டா இல்லாம வாய்ஸும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் இருக்குற பேக் கண்டிப்பா ஒண்ணாவது விக்கணும்னு சொல்லிச்சு. 2025 ஜனவரில இருந்து அது கடைல இருக்கு, 84 நாளுக்கு ஒண்ணு, வருஷக் கணக்குல ஒண்ணுன்னு.

ஆனா நீங்களா கேக்காம யாரும் எடுத்துக் குடுக்க மாட்டாங்க, ரீசார்ஜ் ஆப்லயும் அதை முதல் பக்கத்துல தேடாதீங்க, கீழ தள்ளிக்கிட்டே போகணும். கடைல போய் "டேட்டா வேண்டாம், வாய்ஸ் ஒன்லி பேக் போடுங்க"ன்னு சொல்லுங்க, அந்தப் பேக்கை ஸ்க்ரீன்ல காட்டச் சொல்லிப் பாத்துட்டு அப்புறம் காசைக் குடுங்க.